வலது மேல் ஓரத்தில் ஒரு நிழல்

திரையில் மகளின் நெஞ்சுப் படம் வந்து நின்றதும் மாஸ்டருக்குக் கை கால் ஓடவில்லை.

வலது பக்கம். மேல் ஓரம். காறை எலும்பை ஒட்டி வெளுப்பாக ஒரு திட்டு. நுரையீரல் படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தால் அதை நிழல் என்பார்கள். அந்த நிழல் அவருக்குப் புதிதல்ல. இதே அறையில், இதே பலகைக்கு முன்னால் தன் மனைவியை நிறுத்தி அவரே எடுத்த படத்திலும் அது அங்கேதான் ஆரம்பித்தது. காசநோய் என்று கண்டுபிடித்தபோது நாள் கடந்திருந்தது. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் கூடச் சேரவில்லை.

கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. மகளும் அவளுடைய தோழியும். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அவருக்கு ‘மூச்சு மாஸ்டர்’ என்று பெயர். டாக்டர்கள் முதல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “சங்கிலியைக் கழட்டுங்க, முடியைத் தூக்கிக் கட்டுங்க, தாடையைப் பலகை மேல வைங்க, மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க” என்று நாளெல்லாம் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். தூக்கத்திலும் சொல்வார் என்று மகள் கேலி செய்வாள்.

இன்று மகளுக்கு அந்த ராகம் தேவைப்படவில்லை. அவள் இந்த அறையில் வளர்ந்தவள். தானாகவே வந்து பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்பா, சீக்கிரம், காலேஜ் பஸ்ஸை விட்டுடுவேன்” என்றாள். அவர் பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான்.

கதவு திறந்தது. கனத்த கண்ணாடியும் ஒட்ட வெட்டிய கிராப்புமாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. மகளின் தோழி. கண்ணாடியின் தடிமனுக்காக அவளுக்கு ‘சோடா’ என்று பெயர். பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுவாள். தாய் தையற்கடை வைத்திருந்தாள். அந்தக் கடைக் கத்தரிக்கோலை எடுத்துத் தன் தலையில் தானே போட்டுக்கொண்ட கிராப்பு அது.

“மாமா, என் படத்துல இதயம் இருக்கா? உங்க பொண்ணு இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றா.”

“இருக்கு, இருக்கு. வெளிய உக்காரு.”

“மூளை தெரியுதான்னு கேளுடி” என்று பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

“அதெல்லாம் நெஞ்சுல தெரியாது மாமா, நீங்க வேலையைப் பாருங்க.” கதவு சாத்திக்கொண்டது.

மாஸ்டர் வேலையைப் பார்த்தார்.

இரண்டு பெண்களும் ஒரே வகுப்பு. அவர்களுடைய பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டம் உண்டு. இங்கிருந்து இரண்டு பேர் அங்கே போய் ஒரு வருடம் படிப்பார்கள், அங்கிருந்து இரண்டு பேர் இங்கே வருவார்கள். எழுத்துத் தேர்வு, நேர்முகம், பேராசிரியர்களின் பரிந்துரை என்று ஒவ்வொரு சல்லடையாகச் சலித்து, கடைசியில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். பாக்கி இருந்தது நெஞ்சுப் படம் ஒன்று. அதில் கறை இருந்தால் அந்தப் பெயரை எடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை, கடைசி வருட மாணவர்கள் விண்ணப்பிக்க முடியாது. போனால் இப்போது. இல்லையென்றால் இல்லை.

மகள் அதற்காக எப்படிப் படித்தாள் என்று அவருக்குத் தெரியும். அம்மா இல்லாத வீட்டில் சமைத்து, துவைத்து, அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தவள்.

திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றின் மேல் மகளின் எண். இன்னொன்றின் மேல் சோடாவின் எண். சோடாவின் படம் துடைத்து வைத்த சிலேட்டுபோல் சுத்தமாக இருந்தது. நெஞ்சு டாக்டரின் கணினிக்கு இரண்டும் இன்னும் போகவில்லை. அனுப்ப வேண்டியது அவர்தான்.

‘மாத்திரை சாப்பிட்டா சரியாப் போற வியாதிதானே’ என்று மனசுக்குள் ஒரு குரல் ஆரம்பித்தது. ‘விசா கைக்கு வரட்டும். வேற ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டி மாத்திரையைக் கையில குடுத்து அனுப்பிடலாம். அந்தப் பொண்ணுக்குச் சளியைச் சோதிப்பாங்க. ஒண்ணும் இருக்காது. விட்டுடுவாங்க.’

விட்டுவிடுவார்கள், சரி. ஆனால் அவள் பெயர்? அந்தக் கேள்வியை அவர் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் விரல்கள் இரண்டு எண்களையும் இடம் மாற்றியிருந்தன.

அடுத்த ஆளைக் கூப்பிட்டார். “மூச்சை இழுங்க” என்றபோது குரல் பிசிறவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து நெஞ்சு டாக்டர் ஆள் அனுப்பினார். டாக்டரம்மா கறார் பேர்வழி. அவர் எதிரே சோடா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவள் தாய், டெய்லரம்மா. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள்.

“மாஸ்டர், இந்தப் படம் சரியா வந்திருக்கா? மறுபடி எடுத்துப் பாக்கணுமா?”

அவர் திரையைப் பார்த்தார். மகளின் விலா எலும்புகள். மேலே சோடாவின் எண்.

“நல்லாத்தான் வந்திருக்கு மேடம்.”

“உங்க கையில குறை இருக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டேன்.” டாக்டர் சோடாவின் பக்கம் திரும்பினார். “இருமல் இருக்காம்மா?”

“பரீட்சை நேரத்துல இருந்து வறட்டு இருமல் இருக்கு மேடம். துணித் தூசு. வீடு முழுக்கப் பஞ்சுதான் பறக்கும்.”

“உடம்பு இளைச்சிருக்கா?”

“எப்ப மேடம் குண்டா இருந்தேன்?” என்றாள் சோடா. யாரும் சிரிக்கவில்லை.

சளியைச் சோதித்தார்கள். மாஸ்டர் நினைத்த மாதிரியே ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நினைத்த மாதிரி விட்டுவிடவில்லை. “சளியில வரலேன்னாலும் படத்துல இருக்கு, இருமலும் இருக்கு. சின்னப் பொண்ணு, காத்துட்டிருக்க முடியாது” என்று சொல்லி டாக்டர் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். வெறும் வயிற்றில் ஒரு கை நிறைய மாத்திரை, தினமும்.

பல்கலைக்கழகத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியர் வருத்தம் தெரிவித்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவும் நேரமில்லை, இந்த வருடம் ஒருவர்தான் போவார் என்றார்.

மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. “அவ இல்லாம நான் மட்டும் எதுக்குப்பா போகணும்?” என்றாள்.

அதற்குப் பதில் சொன்னவள் சோடாதான். வாசல்படியில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், வாயைத் துண்டால் மூடியபடி பேசினாள். “லூசு. ரெண்டு பேரும் கவுந்துட்டா அங்க யாரு போய் நம்ம மானத்தை வாங்கறது? போ. போய் எனக்கு ஒரு டப்பா நிறைய பனி அனுப்பு.”

“உள்ள வாடி.”

“ஒட்டிக்கும்டி. நீ கிளம்பற வரைக்கும் உன் பக்கத்துல வர மாட்டேன்.”

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போனார் என்று அவருக்கே தெரியாது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்.

மகளுக்கு அவ்வப்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முட்டையும் பாலுமாக வாங்கிப் போட்டார். அவள் இருமினால் கேட்டுக்கொண்டே நிற்பார். அவள் இருமவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. உள்ளே கமுக்கமாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

டெய்லரம்மா ஒரு நாள் எக்ஸ்ரே அறைக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, மாத்திரை ஒத்துக்கவே மாட்டேங்குது. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. சோத்தைப் பாத்தா ஓடறா. கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாமா?”

“டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

“அவங்க நாளைக்குத்தான் பாப்பாங்களாம். கடையைப் போட்டுட்டு மறுபடி வரணும். அதான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு. நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நிறுத்தினால் டாக்டர் ஏன் என்று கேட்பார். கேட்டால் இன்னொரு படம் எடுக்கச் சொல்வார். புதுப் படத்தில் நிழல் இருக்காது. நாலு வாரத்தில் அது எங்கே போயிற்று என்று டாக்டர் பழைய படத்தைக் கிளறுவார். மகளின் விசா இன்னும் வரவில்லை.

“முதல்ல அப்படித்தாம்மா இருக்கும். பழகிடும். நடுவுல நிறுத்தினா வியாதி முறுக்கிக்கும். விடாம குடுங்க.”

“சரிண்ணே” என்றாள் டெய்லரம்மா. நிம்மதியாகப் போனாள்.

விசா வந்தது. மகள் புறப்பட ஒரு வாரம் இருந்தது.

இனித் தாமதிக்க முடியாது. வேறு ஊர் டாக்டரிடம் காட்ட ஒரு படம் வேண்டும். பழைய படம் சோடாவின் எண்ணில் கிடக்கிறது. “யுனிவர்சிட்டியில இன்னொரு பிரதி கேப்பாங்க, எதுக்கும் எடுத்து வச்சுக்கலாம்” என்று மகளிடம் கதை விட்டுவிட்டு, காலையில் அறைக்குக் கூட்டி வந்தார். வரிசையில் கூட்டம். மகளை நடுவில் நுழைத்தார். முன்னால் ஒரு பாட்டியம்மா, பின்னால் ஒரு லாரி டிரைவர். கவனிக்க நேரமில்லாமல் வாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“சங்கிலியைக் கழட்டுங்க, முடியைத் தூக்கிக் கட்டுங்க…”

“என்னையா ‘ங்க’ போடறீங்க?” மகள் சிரித்துக்கொண்டே சடையைச் சுருட்டி உச்சியில் செருகினாள். “பரவால்லயே, போன தடவை இந்த மரியாதையெல்லாம் கிடைக்கல.”

பொத்தானை அழுத்தினார். படம் வந்தது.

நிழல் இல்லை.

வலது மேல் ஓரம் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. மாஸ்டர் திரைக்கு மூக்கை ஒட்டினார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். ஒன்றும் இல்லை. லாரி டிரைவர் “நான் நிக்கவா, போகவா?” என்று கேட்டது காதில் விழவில்லை.

பழைய படத்தைத் திறந்தார். முதல் முறையாக, தகப்பனாக இல்லாமல் வேலைக்காரனாக அதைப் பார்த்தார். வெளுத்த திட்டு நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, நெஞ்சுக் கூட்டை விட்டே வெளியேறி, தோளுக்கு மேலே கழுத்தோரமாக ஏறிப் போயிற்று. வியாதி நுரையீரலை விட்டு இறங்கி நடந்து போகாது. உற்றுப் பார்த்தால் அந்தத் திட்டில் மேடும் பள்ளமுமாகப் பின்னல்கூடத் தெரிந்தது.

முதல் படம் எடுத்த அன்று காலை மகள் தலைக்குக் குளித்திருந்தாள். ஈரத்தோடு இறுக்கிப் பின்னிய சடையைத் தோளுக்கு முன்னால் போட்டிருந்தாள். ஈர முடி கதிரைத் தடுக்கும், படத்தில் நிழலாக விழும். வேலைக்கு வந்த முதல் வாரம் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. ஊரில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் சொல்வார். தன் பெண்ணுக்கு மட்டும் சொல்லத் தோன்றவில்லை, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

டாக்டருக்கும் சந்தேகம் வர வழியில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருந்தவள் தலையில் சடை என்ன, பிடித்து இழுக்கக்கூட முடி கிடையாது.

மாஸ்டர் பாதி நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் தரையில் பெட்டியை விரித்து வைத்து, ஸ்வெட்டர்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவள் கத்துவாள், அழுவாள், ஸ்வெட்டரை முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தார்.

மகள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“சொல்லாதீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவ மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. டெய்லர் அத்தை உங்க பேச்சைக் கேப்பாங்க. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் போய்ச் சேந்த அப்புறம் மத்ததைப் பாத்துக்கலாம்.” கையில் இருந்த ஸ்வெட்டரை மறுபடி மறுபடி மடித்தாள். “இப்ப சொன்னா அவளுக்கும் கிடைக்காது, எனக்கும் இருக்காது. அவங்க லிஸ்ட்டை முடிச்சாச்சு. அப்படித்தானே? நான் போகாததால அவ போயிடப் போறாளா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

கணக்கு சரியாக இருந்தது. எக்ஸ்ரே அறையில் அன்றைக்கு அவர் போட்ட கணக்கும் இதே மாதிரிதான் சரியாக இருந்தது. மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தோமோ இல்லையோ, இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு தையற்கடைக்கு நடந்தார்.

மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“உங்களுக்குத் தெரியாதா? பொண்ணு கண்ணெல்லாம் மஞ்சளாயி, ஆளே அடையாளம் தெரியல. ஏதேதோ உளறுது. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஆட்டோல தூக்கிட்டுப் போயிருக்காங்க.”

மாஸ்டர் ஓடினார். அந்த வயசில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

வார்டில் நெஞ்சு டாக்டர் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். “மாத்திரைதான் ஈரலைத் தாக்கியிருக்கு. இதை நிறுத்திடுங்க. ஆனா வியாதியை அப்படியே விட முடியாது. ஈரலைத் தொடாத வேற மருந்து, ஊசி, இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்.”

“ஊசி வேண்டாம் மேடம்” என்றார் மாஸ்டர்.

டாக்டர் திரும்பினார். டெய்லரம்மாவும் திரும்பினாள். அவள் கையில் ஈரத்துண்டு. கட்டிலில் சோடா சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு வியாதி இல்ல. அவ படம் சுத்தம். நீங்க பாத்த படம் என் பொண்ணோடது. நான்தான் நம்பரை மாத்தினேன்.”

“என்ன உளர்றீங்க மாஸ்டர்? அப்ப உங்க பொண்ணுக்குத்தான்…”

“அவளுக்கும் இல்ல. அது நிழல் இல்ல மேடம். சடை.”

டாக்டர் அவரை விட்டுவிட்டு, கட்டிலில் கிடந்த ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார். நர்ஸ் கையிலிருந்த ஊசி மருந்தைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

“அவ ஈரல் தாங்குமா மேடம்?” என்று கேட்டார் மாஸ்டர்.

“நம்பரை மாத்தறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் இந்தக் கேள்வியை.” டாக்டரின் குரல் உயரவில்லை. “வெளிய நில்லுங்க. தலைமை டாக்டருக்கு நான் போன் பண்றேன். எங்கயும் போகாதீங்க.”

டெய்லரம்மா ஏசவில்லை. துண்டைப் பிழிந்து மகளின் கடைவாயைத் துடைத்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே, “உங்க பொண்ணை வரச் சொல்லுங்க” என்றாள்.

மாஸ்டர் போனில் சொன்னது ஒரே வரி. “வரேன்” என்றாள் மகள்.

மகள் வந்தபோது கலைந்த தலையும் வீட்டுச் செருப்புமாக இருந்தாள். கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் திரும்பி, நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, போனை எடுத்தாள். பேராசிரியரிடம் தான் போகவில்லை என்று சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அதையும் சொன்னாள். மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே போனாள். மாஸ்டர் கதவோரமாக நின்றார்.

சோடாவின் மஞ்சள் கண்கள் அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா? பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா?”

மகள் டெய்லரம்மாவைப் பார்த்தாள்.

“காலையில இருந்து இதேதான். ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களாம்” என்றாள் டெய்லரம்மா. ஸ்டூலை மகள் பக்கம் தள்ளினாள். “அவகிட்ட நடந்ததைச் சொல்லு. என்கிட்ட வேண்டாம். அவகிட்ட சொல்லு.”

“அத்தை, அவளுக்கு இப்ப புரியாது.”

“புரியாட்டியும் சொல்லு.”

மகள் உட்கார்ந்தாள். சோடாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் உடைய உடைய, படம் எடுத்த நாளிலிருந்து சொன்னாள். அப்பா செய்ததைச் சொன்னாள். இன்று மதியம் கதவைச் சாத்திவிட்டுத் தான் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். டெய்லரம்மா அதை நின்றபடி கேட்டாள்.

சோடா பொறுமையில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“சரிடி, சரிடி. அப்புறம் பேசலாம். ஜன்னல் சீட்டு எனக்கு, சொல்லிட்டேன்.”

“உனக்குத்தான்” என்றாள் மகள்.

“மாமா வரலயா வழியனுப்ப?”

டெய்லரம்மா வந்து, மாஸ்டர் நின்ற கதவை மெதுவாகச் சாத்தினாள்.

சாயங்காலத்துக்குப் பிறகு சோடா யாரோடும் பேசவில்லை. மறுநாள் மதியம், மாஸ்டர் தலைமை டாக்டரின் அறையில் நாலு பேர் எதிரே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் வந்து நெஞ்சு டாக்டரின் காதில் ஏதோ சொன்னாள். டாக்டர் எழுந்து போனார். அவசரமாகப் போகவில்லை. அதிலிருந்தே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.